அனுமந்தரம்: மும்பைத் தமிழரும் பேஸ் கிதாரும்

வீணையின் மெட்டுகளின் மேல் ஓடும் நான்கு தந்திகளுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்பன அவை. நான்காவதாகிய அனுமந்தரம் தடித்த தந்தி. மிகக் கீழான பஞ்சமத்தில் சுருதி சேர்க்கப்படுவது. கச்சேரியில் வித்வான்கள் அதை அடிக்கடி நாடுவதில்லை. நாடும்போதோ, சபையில் பேச்சு ஒரு கணம் அடங்கிவிடும். இந்த நான்காம் தந்தியின் குரலையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட மேல்நாட்டு வாத்தியம் ஒன்று உண்டு. அதற்குப் பேஸ் கிதார் என்று பெயர். மும்பை மாநகரில் தமிழர் மிகுதியாகக் குடியேறிய மாதுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளுக்கு அவ்வாத்தியம் எவ்வழியே வந்தது, பிழைப்புக்காக அன்றிப் பொழுதுபோக்காக அதைக் கையில் எடுத்தவர்கள் எத்தகைய காதோடு அதைக் கற்றார்கள் என்பதை இப்பேச்சில் காண முற்படுகிறோம். தில்லியிலும் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் இதைப் படிக்கும் தமிழன்பர்கள் தங்கள் ஊர்க் கதையும் இதில் சிறிது கலந்திருப்பதைக் காணக்கூடும்.

மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்ட நமக்கு இந்தப் பெயரே முதல் தொல்லை. தாழ்ந்தது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும், அடித்தளம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் உச்சரிப்பில் ஒன்றே, எழுத்தில்தான் வேறு. தமிழில் எழுதும்போது அந்த வேறுபாடும் மறைந்து, இரண்டும் 'பேஸ்' ஆகிவிடுகின்றன. கிதாரின் பெயரில் உள்ளது தாழ்ந்த ஸ்தாயியைக் குறிக்கும் சொல்லே. ஆயினும் தாராவியில் நாம் சந்தித்த இளைஞர் ஒருவர், "பாட்டுக்கு அதுதானே அஸ்திவாரம், அதனால்தான் பேஸ்" என்று மிக உறுதியாக விளக்கினார். அவரைத் திருத்த நமக்கு மனம் வரவில்லை. ஆதார சுருதி என்ற வழக்கை உடைய மொழியைப் பேசுபவர் வேறு எவ்வாறு பொருள் கொள்வார்?

வாத்தியத்தின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேல்நாட்டு இசைக்குழுக்களில் கீழ்ஸ்தாயியைத் தாங்கி வந்தது டபிள் பேஸ் எனப்படும் ஆளுயரப் பிடில். அதைத் தூக்கிச் செல்வது ஒரு தொல்லை. எக்காளங்களுக்கும் மேளங்களுக்கும் இடையே அதன் ஓசை கேளாமற் போவது மற்றொரு தொல்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரைச் சேர்ந்த பால் டுட்மார்க் என்பவர் 1930களின் நடுவில், மார்போடு அணைத்து வாசிக்கத்தக்க மின்சார பேஸ் ஒன்றைச் செய்து விற்றார், அது பரவவில்லை. 1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்' என்பதே உலகெங்கும் பரவியது. மெட்டுகள் பதித்திருப்பதால் ஸ்வரம் பிசகாமல் விழும் என்பதே அப்பெயரின் கருத்து. தந்தியின் ஒலிக்கும் நீளம் 34 அங்குலம். நான்கு தந்திகள், ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஸட்ஜமத்திலிருந்து சுத்த மத்தியமத்துக்கு உள்ள இடைவெளி. மிகத் தடித்த தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. வீணையில் தந்திகள் ஸட்ஜமும் பஞ்சமமுமாக மாறி மாறி அமைந்திருப்பதால், வீணை பயின்ற பிள்ளை பேஸ் கிதாரை எடுத்த முதல் வாரத்தில் அதன் இடக்கை வழி தவறுவது இயல்பே. காது சரியான இடத்தைச் சொல்லும். விரலோ பழைய வீட்டுக் கதவைப் போய்த் தட்டும்.

இவ்வாத்தியம் பம்பாய்க்கு வந்தபோது அதை ஏற்றுக்கொள்ளக் காத்திருந்தவர்கள் கோவாக் கிறிஸ்தவக் கலைஞர்கள். போர்ச்சுகீசியர் ஆட்சியில் கோவாவின் கிராமத்துத் தேவாலயப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு ஸ்வர எழுத்தும் பிடிலும் கற்பிக்கப்பட்டன. அக்கல்வியோடு பம்பாய்க்கு வந்தவர்கள் முதலில் ஹோட்டல் வாத்தியக் குழுக்களிலும், பிறகு ஹிந்தித் திரைப்பட இசைக் கூடங்களிலும் இடம் பெற்றார்கள். செபாஸ்டியன் டிசூசா, அந்தோணி கோன்ஸால்வஸ் போன்றவர்கள் இல்லாவிடில் அக்காலத்து ஹிந்திப் பாடல்களின் பின்னணி இசை வேறுவிதமாக இருந்திருக்கும். ஆர். டி. பர்மனின் குழுவில் பேஸ் கிதார் வாசித்த டோனி வாஸும் இப்பரம்பரையினரே. இவர்களுடைய உலகத்தின் நடு இடம் தோபி தலாவ். 1865இல் தொடங்கப்பட்ட ஃபர்ட்டாடோஸ் இசைக்கடை அப்பகுதியிலேயே வளர்ந்தது. பியானோவும் ஸ்வரப் புத்தகமும் வாங்க வந்தவர்களுக்காகத் தோன்றிய கடைத்தெரு, பின்னர் கிதார்த் தந்திக்காக வந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் யாத்திரைத் தலமாயிற்று.

தமிழர் இந்நகரில் ஒரே இடத்தில் ஒரே நிலையில் குடியேறவில்லை. 1896ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பிறகு 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட், வடக்கே தாதர், மாதுங்கா பகுதிகளில் புதிய குடியிருப்புகளைத் திட்டமிட்டது. அலுவலகங்களில் கணக்கும் தட்டெழுத்தும் பார்த்த தென்னிந்தியர்கள் மாதுங்காவில் குடியேறினார்கள். கோயிலும் பஜனையும் காப்பிக் கிளப்பும் அவர்களோடு வந்தன. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1952இல் ஷண்முகானந்த சங்கீத சபை உருவாயிற்று; கிங்ஸ் சர்க்கிள் அருகே அதன் பெரிய மண்டபம் 1963இல் திறக்கப்பட்டது. செம்பூரின் வளர்ச்சி பிற்பட்டது. டிராம்பேயில் அணுசக்தி நிலையமும், அதை ஒட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் 1950களில் எழுந்தபோது பொறியாளரும் குமாஸ்தாக்களும் அங்கே பெருகினர். 1962இல் அங்கும் ஒரு நுண்கலைச் சங்கம் தோன்றியது. தாராவிக்கு வந்த தமிழரோ பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உழைப்பாளிகள். தோல் பதனிடும் தொழில் அவர்களுள் பலருக்குச் சோறு போட்டது. மாதுங்காவுக்கும் தாராவிக்கும் இடையே நடந்து செல்லும் தூரந்தான். ஆனால் அத்தூரத்தை நடந்தவர்கள் பெரும்பாலும் ஒரு திசையில், வேலைக்காக மட்டுமே நடந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

இரண்டு இடங்களிலும் கீழ்ஸ்தாயியின் சுகம் தெரிந்தே இருந்தது. மாதுங்காவில் அதைத் தந்தது தம்புராவின் மந்தர ஸட்ஜமும் மிருதங்கத்தின் இடந்தலையும். தொப்பி என்று வித்வான்கள் சொல்லும் அந்த இடந்தலையில், கச்சேரிக்குமுன் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அந்தப் பசையின் பாரத்தினால் தோலின் அதிர்வு தாழ்ந்து, 'தொம்' என்ற ஆழ்ந்த நாதம் பிறக்கிறது. தாராவியில் அதே சுகத்தைத் தந்தவை கோயில் கொடையின் மேளமும், சாவுக்கும் கல்யாணத்துக்கும் முழங்கிய பறையும். மிருதங்கத்தின் தோல் எங்கிருந்து வருகிறது என்பதைச் சபையில் அமர்ந்தவர்கள் எண்ணிப் பார்ப்பது அரிதாக இருந்தது. பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோலைத் தேர்ந்து, வாத்தியத்தை மூட்டி, வித்வானின் காதுக்கு ஏற்பப் பதப்படுத்தித் தரும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூலே எழுத வேண்டியிருந்தது. தாராவியின் தோல் மாதுங்காவின் மிருதங்கத்துக்குப் போயிற்று என்று நாம் சொல்ல வரவில்லை. பதனிட்ட தோல் செருப்புக்கும் பைக்கும் ஆகும். வாத்தியத்துக்குப் பதனிடாத தோலே வேண்டும். கீழ்ஸ்தாயியை உண்டாக்கும் பொருளைத் தொட்ட கைகளுக்கும் அதைக் கேட்டு மகிழ்ந்த காதுகளுக்கும் இடையே ஒரு சுவர் இருந்தது என்பதையே நினைவூட்டுகிறோம். பேஸ் கிதாருக்கு நம்மிடையே அத்தகைய பூர்வகதை கிடையாது. எந்தச் சாதிக்கும் அது உரியதும் அன்று, விலக்கானதும் அன்று. அதை வாங்கப் பணம் வேண்டும் என்ற ஒரே தடைதான் இருந்தது. அத்தடை சிறியதன்று.

இடையே வானொலியின் பங்கைச் சொல்ல வேண்டும். 1952ஐ ஒட்டிய காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்ததும், மக்கள் இலங்கை வானொலியைத் திருப்பிக் கேட்டதும், பிறகு 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதி தொடங்கியதும் யாவரும் அறிந்த செய்திகள். அறியாத செய்தி ஒன்று இவற்றில் ஒளிந்திருக்கிறது. டிரான்ஸிஸ்டர் பெட்டியில் உள்ள சிறிய ஸ்பீக்கர், வினாடிக்கு 41 அதிர்வு உடைய ஒலியைத் தரவே இயலாது. அது தருவன அதன் மேற்சுரங்களாகிய 82, 123, 164 முதலிய அதிர்வுகளே. ஆயினும் அவற்றைக் கேட்ட மாத்திரத்தில், இல்லாத அந்த 41ஐ நம் செவியும் மூளையும் தாமே கூட்டிக்கொள்கின்றன. ஒலிநூலார் இதனை நன்கு ஆராய்ந்திருக்கின்றனர். ஆகவே ஒற்றை அறையில் டிரான்ஸிஸ்டரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்ட ஒரு தலைமுறை, பெட்டி வாசிக்காத பேஸைத் தானே மனத்தில் வாசித்துக்கொண்டு வளர்ந்தது. அக்காதுகள் பின்னாளில் பெரிய ஸ்பீக்கரின் முன் நின்றபோது, புதியதைக் கேட்ட திகைப்பைவிடப் பழகியது பெருத்து வந்த மகிழ்ச்சியே மிகுந்திருந்தது என்று மூத்தோர் சிலர் நம்மிடம் கூறியதுண்டு.

1960களில் பீட்டில்ஸ் குழுவின் இசைத்தட்டுகள் வந்தன. பம்பாய்க் கல்லூரிகளில் நால்வர் கூடினால் ஒரு குழு. சிம்லா என்ற சிகரெட்டின் பெயரால் 'சிம்லா பீட்' என்ற அகில இந்தியப் போட்டி நடந்தது. 1970, 1971 ஆகிய ஆண்டுகளின் போட்டியாளர்கள் வாசித்தவை இசைத்தட்டாகவும் வெளிவந்தன. மாதுங்காவின் பிள்ளைகள் கர்நாடக சங்கீத வகுப்பிலிருந்து நழுவிச் செல்ல இவ்வாறு ஒரு வழி பிறந்தது. வீட்டுப் பெரியவர்கள் இதை விரும்பவில்லை என்பதைக் கூறவும் வேண்டுமோ? "நாலு தந்தியை வைத்துக்கொண்டு ஒரு கீர்த்தனையாவது வாசிக்க வருமா?" என்ற வினாவுக்குப் பேஸ் கிதார் பயின்ற எந்தத் தமிழ்ப் பிள்ளையும் விடை சொல்லித் தப்பியதில்லை. நாமும் தப்பவில்லை.

அக்காலத்தில் வாத்தியத்துக்கு எங்கே போவது? இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்க வரியும் 1991க்கு முன்பு அயல்நாட்டுக் கிதாரை எட்டாக் கனியாக்கியிருந்தன. கப்பலில் வேலை பார்த்த உறவினர் கொண்டுவந்தால் உண்டு. நாடு திரும்பும் வெளிநாட்டார் விற்றுச் சென்றால் உண்டு. மற்றையோர் உள்நாட்டுக் கிதாரையும், தச்சரையும், லாமிங்டன் ரோட்டு மின்பொருள் கடைகளையும் நம்பினார்கள். மின்சாரக் கிதாரின் உயிர்நிலை பிக்கப் என்னும் உறுப்பு. காந்தத்தின்மேல் மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றினால் பிக்கப் ஆயிற்று. எஃகுத் தந்தி அதன் மேல் அதிரும்போது கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. பள்ளிப் பௌதிகப் பாடமே இது. ஆகவே தாமே பிக்கப் சுற்றிக்கொண்டவர்களும், பழைய வால்வு ரேடியோவின் பின்புறத்தில் கம்பியைச் செருகி வாசித்தவர்களும் இருந்தார்கள். ரேடியோவின் ஸ்பீக்கர் பேஸைத் தாங்காது. கீழ்ஸ்தாயி ஒலிக்கு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு வெகுதூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். சிறிய கூம்பு ஓடிக் கிழிந்துவிடும். வீட்டு ரேடியோவைக் கிழித்த குற்றத்துக்காகக் கிதார் பரண் ஏறிய கதைகள் ஒன்றிரண்டல்ல.

கற்பதற்கு நூலும் இல்லை, ஆசிரியரும் அரிது. இசைத்தட்டும் ஒலிநாடாவுமே குரு. மெல்லிய கீழ்க்குரலைப் பிரித்துக் கேட்க ஓர் உபாயம் இருந்தது. நாடாவை இருமடங்கு வேகத்தில் ஓடவிட்டால் எல்லாக் குரலும் ஒரு ஸ்தாயி மேலேறும். பாடகர் அணிற்பிள்ளைபோலக் கீச்சிடுவார். ஆனால் புதைந்திருந்த பேஸ் தெளிந்த கிதாராக வெளிப்படும். அதைப் பிடித்துக்கொண்டு, பிறகு ஒரு ஸ்தாயி கீழே இறக்கி வாசிக்க வேண்டும். கேள்வி ஞானம் என்று நம் சங்கீத உலகம் மதிக்கும் பயிற்சியே இது; நாடாப் பெட்டி ஒன்று நடுவே வந்து நின்றது, அவ்வளவே.

தமிழருக்கு இவ்வாத்தியத்தின்மேல் தனிப்பட்ட உரிமை உணர்ச்சி பிறந்தது 1976க்குப் பின்னர். அவ்வாண்டில் 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமான இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை பயின்றவர், கிதார் வாசிப்பவர். பொதுவாகத் திரைப்பாடலில் பேஸ், தாளத்தோடு ஒட்டிக்கொண்டு ஸட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் தட்டிக்கொண்டிருக்கும். இளையராஜாவோ அதற்கென்று தனி நடையை எழுதினார். மேலே பாடகர் ஒரு மெட்டைப் பாட, கீழே பேஸ் வேறொரு மெட்டைப் பாடிக்கொண்டு செல்லும்; இரண்டும் சந்திக்கும் இடத்தில் கேட்பவருக்கு மெய்சிலிர்க்கும். அவருடைய குழுவில் பேஸ் வாசித்த சசிதரனின் விரல்களைக் கேட்டே கற்றவர்கள் பலர். அவருக்கு நூறாவது படமாகிய 'மூடுபனி' 1980இல் வந்தது. 'இரட்டைவால் குருவி' 1987இல் வந்தது. இரண்டும் பாலு மகேந்திராவின் படங்கள். இரண்டிலும் யேசுதாஸ் பாடிய ஒவ்வொரு பாடல், பேஸ் பயிலும் தமிழர்க்கு இன்றுவரை பால பாடமாக விளங்குகிறது. முன்னதில் பேஸ் கிதாரோடு கைகோத்து நடக்கிறது. பின்னதில் தானே கதாநாயகன்போல் முன்வந்து நிற்கிறது.

ஒலிநாடா மலிவாகப் பரவிய 1980களில் இப்பாடல்கள் தாராவியின் தேநீர்க் கடைகளிலும் மாதுங்காவின் வீடுகளிலும் ஒரே நாளில் ஒலித்தன. சபையும் கொடையும் இணைக்காத இரண்டு காதுகளை நாடா இணைத்தது. எனினும் இதை மிகைப்படுத்தவும் கூடாது. ஒரே பாட்டைக் கேட்பது வேறு, ஒரே அறையில் அமர்ந்து வாசிப்பது வேறு. பின்னது நம் காலத்தில்தான் ஆங்காங்கே காணக் கிடைக்கிறது. அதுவும் அலுவலகத் தோழமையாலும் தேவாலயப் பாடகர் குழுக்களாலும் நேர்ந்ததேயன்றி, சங்கீத சபைகளால் நேர்ந்ததாகச் சொல்வதற்கில்லை.

அதே பத்தாண்டில் பம்பாயில் ஆங்கில ராக் இசையும் ஓங்கியது. 1984இல் தோன்றிய ராக் மெஷின் குழுவில் மார்க் செல்வின் பேஸ் வாசித்தார். அக்குழு 1993இல் இண்டஸ் கிரீட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1986 முதல் 'இண்டிபெண்டன்ஸ் ராக்' என்னும் விழா நடந்தது. தோபி தலாவிலிருந்த ரங் பவன் என்ற திறந்தவெளி அரங்கே அதன் வீடுபோல் இருந்தது. செம்பூரிலிருந்து ஹார்பர் ரயிலில் வந்து, நின்றுகொண்டே கேட்டுவிட்டுக் கடைசி வண்டியில் திரும்பிய கூட்டத்தில் தமிழ் கேட்டது. அருகே மருத்துவமனையும் கல்லூரியும் இருந்தமையால், அமைதி மண்டல விதிகளின் காரணமாக 2000களின் தொடக்கத்தில் அவ்வரங்கில் இசை நின்றுபோயிற்று.

நாம் முதல் பேஸ் கிதாரை வாங்கியது 1990களின் இறுதியில். கடையின் பெயர் வேண்டாம். கழுத்துக் கோணலாய் இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகே கண்டோம். கடைக்காரர் திரும்பப் பெறவில்லை. பன்னிரண்டாம் மெட்டுக்கு மேல் எல்லாத் தந்திகளும் ஒரே ஸ்வரத்தைச் சொல்லும். இரண்டாண்டுகள் பன்னிரண்டு மெட்டுக்குள்ளேயே வாழ்ந்தோம். அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. நல்ல பேஸ் வாசிப்பில் பெரும்பகுதி முதல் ஐந்து மெட்டுக்குள் அடங்கிவிடுகிறது. தந்தியின் விலைதான் வாட்டியது. சாதாரணக் கிதாரின் தந்தித் தொகுதியைப்போல் பல மடங்கு விலை பேஸ் தந்திக்கு. விரலின் எண்ணெயும் அழுக்கும் தந்தியின் சுற்றுக்கம்பிக்குள் புகுந்தால் நாதம் மழுங்கிவிடும். அப்போது தந்திகளைக் கழற்றிக் கொதிநீரில் போட்டு எடுத்தால் சில வாரங்களுக்குப் புதுமை திரும்பும். உலகெங்கும் ஏழை பேஸ்காரர்கள் கையாளும் உபாயம் இது. ரசப் பாத்திரத்தில் அதைச் செய்தால் என்ன நேரும் என்பதை மட்டும் அனுபவத்தால் அறிந்தோம். டெட்ராயிட் நகரத்து மோட்டவுன் இசைக்கூடத்தில் எண்ணற்ற பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தந்தியை மாற்றுவதே இல்லை என்று புகழ்பெற்றவர். இச்செய்தியை வீட்டாருக்குச் சொன்னபோது அவர்மேல் அவர்களுக்கு மிகுந்த மதிப்பு உண்டாயிற்று.

இனி அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மும்பையில் எந்த வாத்தியக் கதையும் அறையில் வந்துதான் முடியும். வினாடிக்கு 41 அதிர்வு உடைய ஒலி அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். தாராவியின் அறையோ பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடி, அதாவது மூன்று மீட்டர். அலை அறையைவிட நீளமானது. அது அறைக்குள் ஒழுங்காகப் பரவுவதில்லை. ஒரு மூலையில் இடியாகவும் நடுவில் ஒன்றுமில்லாததாகவும் கேட்கும். மெல்லிய சுவரோ தகரமோ அதைத் தடுப்பதும் இல்லை. பாட்டின் சொற்கள் சுவரில் நின்றுவிட, பேஸ் மட்டும் அடுத்த வீட்டுக்குச் செல்கிறது. ஒலி மாசு பற்றிய 2000ஆம் ஆண்டு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு கட்டுகின்றன. ஆனால் அளவெடுக்கும் முறை மனிதச் செவியின் கூர்மையை ஒட்டி அமைந்ததாதலால், 40 அதிர்வை ஒட்டிய ஒலியைக் கணக்கிடும்போது ஏறக்குறைய 35 டெசிபலைக் கழித்துவிடுகிறது. சட்டத்தின் முன் பேஸ்காரர் நிரபராதி. அடுத்த வீட்டுக் கிழவியின் முன் அவ்வாறில்லை. அவருடைய கட்டிலின் கால் அதிர்வதை எந்த அளவுகோலும் காட்டாது.

இதற்கு வாத்தியமே ஒரு பரிகாரத்தையும் உடன்கொண்டு வந்திருக்கிறது. திண்ணிய மரத்தில் செய்த மின்சார பேஸ், ஒலிபெருக்கியோடு இணைக்காதபோது முணுமுணுப்பாகவே ஒலிக்கும். இப்போது கைபேசி அளவுள்ள கருவியில் செருகி, காதுக்குழாய் மாட்டிக்கொண்டு நள்ளிரவிலும் பயிலலாம். மிருதங்கமோ தவிலோ பயிலும் பிள்ளைக்கு இந்த வசதி இல்லை. இதனாலேயே தாராவியிலும் சயானிலும் ஒற்றை அறை வீடுகளில், உறங்கும் ஐவர் நடுவே ஒருவர் விழித்திருந்து பேஸ் பயில்வது சாத்தியமாகியிருக்கிறது.

கற்பிக்கும் வழிகளும் பெருகிவிட்டன. டிரினிட்டி கல்லூரி 2012 முதல் ராக், பாப் இசைக்கெனத் தனித் தேர்வுகள் நடத்துகிறது. அவற்றுள் பேஸும் ஒன்று. ஏ. ஆர். ரகுமானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸின் வாசிப்பு ஒரு தலைமுறைக்குப் பாடமாயிற்று. 1996இல் பிறந்து மும்பையில் வளர்ந்த மோகினி டே, பேஸ் வாசிப்பவரான தந்தையிடம் சிறு வயதிலேயே கற்று, இன்று உலக மேடைகளில் வாசிக்கிறார். அவர் தமிழரல்லர், ஆயினும் செம்பூரில் ஒரு தாய் தம் மகளுக்குப் பேஸ் கிதார் வாங்கத் துணிந்ததற்கு அவரையே சான்று காட்டினார். கொன்னக்கோல் சொற்களை மோகினி வாயால் சொல்லியபடியே தந்தியில் வாசிப்பதைப் பார்த்தபின், பாட்டியாரின் எதிர்ப்பும் பாதி தணிந்ததாம்.

தாராவியில் பேஸ் வேறு வடிவமும் எடுத்திருக்கிறது. கழிவுப் பொருள் பொறுக்கும் சிறுவர்களைக் கொண்டு ஏகார்ன் அறக்கட்டளை உருவாக்கிய 'தாராவி ராக்ஸ்' குழு, நீலப் பிளாஸ்டிக் பீப்பாயைக் கவிழ்த்து அடித்தது. அவ்வளவு பெரிய வெற்று வயிறு உடைய எந்தப் பொருளும் கீழ்ஸ்தாயியைத் தரும். ஹிப்-ஹாப் இளைஞர்களுக்கோ தந்தியே தேவைப்படவில்லை. 1980இல் ஜப்பானிய ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட 808 என்ற தாளப்பொறியின் நீண்ட கீழ்நாதமே அவர்களுடைய பேஸ். அப்பொறியின் குரல் இன்று கைபேசிச் செயலியிலும் கிடைக்கிறது. அவ்வூரின் டோப்படெலிக்ஸ் குழு 2018இல் 'காலா' படத்தின் பாடல்களில் இடம்பெற்றபோது, தமிழும் இந்தியும் கலந்த தாராவிப் பேச்சு தமிழ்நாட்டுத் திரையரங்குகளின் பெரிய ஸ்பீக்கர்களில் ஒலித்தது. தந்தி வாசிப்பவர்கள் இதைப் பேஸ் என்று ஒப்புவார்களா என்பது ஓயாத வழக்கு. நம் கருத்தில், தொப்பியில் ரவை ஒட்டிய பாட்டனார் ஒப்பியிருப்பார்.

சயானில் வாடகைக்கு விடும் பயிற்சி அறை ஒன்றில், ஞாயிறுதோறும் கூடும் ஐவரோடு நாமும் சேர்ந்திருக்கிறோம். வங்கி அலுவலர் ஒருவர் மிருதங்கம், தாராவியில் தையற்கூடம் நடத்துபவர் டிரம்ஸ், நாம் பேஸ். ஜூன் மாதம் மழை தொடங்கியதும் கிதாரின் கழுத்து மரம் ஈரம் உண்டு வளையும். தந்தி மெட்டை விட்டு எழும்பிவிடும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைச் சாவியால் கால் சுற்றுத் திருப்பி அதை நேராக்க வேண்டும். அதே ஈரத்தில் மிருதங்கத்தின் தோலும் தளரும். ஆகவே மழைக்காலத்தில் முதல் அரைமணி நேரம் யாரும் வாசிப்பதில்லை. ஒருவர் ரவை பிசைகிறார். ஒருவர் சாவியைத் திருப்புகிறார். தையற்காரர் தேநீர் வாங்கி வருகிறார். அறைக்கான வாடகை மட்டும் அந்த அரைமணிக்கும் சேர்த்தே கணக்காகிறது.